பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் இரைச்சல், ஈரம், நாற்றம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

1960, 70களின் ஸ்போர்ட்ஸ் காரில் சத்தம் அதிகம் என்றதும் பலரும் முதலில் வாங்குவது, தகட்டின்மேல் ஒட்டும் கனமான ரப்பர் விரிப்பான பியூட்டைல் மேட். கேபின் முழுக்க ஒட்டி முடித்து ஓட்டிப் பார்த்தால் பாதி இரைச்சல் அப்படியே இருக்கும். மேட் மேல் குற்றமில்லை. தகடு அதிர்வதை அடக்குவதுதான் அதன் வேலை. ஓட்டை வழியாக வரும் சத்தத்தை அது ஒன்றும் செய்யாது. ஈரம் இருக்கும் இடத்தில் ஒட்டினாலோ துருவை மூடி வளர்த்துவிடும். அதனால் தண்ணீர், கடகடப்பு, ஓட்டை, தகட்டு அதிர்வு, சத்தத் தடுப்பு, கடைசியில் கார்ப்பெட் என்ற வரிசையில் போங்கள். அவசரப்பட்டு இதை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

எதையும் கழற்றும் முன் மூன்று சோதனை

சமதளமான, ஆளில்லாத ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரிலும், அதே வேகத்தில் மூன்றாவது கியரிலும் ஓட்டுங்கள். கியர் மாறும்போது சத்தமும் மாறினால் எஞ்சின், சைலன்சர் பக்கம். மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் டயர், சக்கர பேரிங், டிஃபரன்ஷியல், காற்று ஆகியவற்றில் ஒன்று. அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து வண்டியை உருளவிட்டுக் கேளுங்கள்; சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சின் காரணமல்ல. சாவியை மட்டும் அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். மூன்றாவதாக, நின்ற நிலையில் ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஓடும்போது வந்த முழக்கம் நிற்கும்போதும் அதே ஆர்பிஎம்மில் வந்தால் சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

செல்போனில் ஒலி, அதிர்வு ஆகியவற்றின் அதிர்வெண்ணை (விநாடிக்கு எத்தனை முறை என்பதை) காட்டும் செயலி இருந்தால் கணக்கு இன்னும் சுலபம். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 100 முறை வெடிக்கும், ஆறு சிலிண்டர் 150 முறை. நேரடி விகிதமுள்ள டாப் கியரில், சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். அதே 3000-இல் அதன் கணக்கு 50. சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் 100 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குச் சுமார் 15 முறை சுற்றும். செயலியில் கூர்முனை 50-இல் நின்றால் மேட் வாங்கும் காசை மிச்சம் பிடித்து அந்த ஷாஃப்ட்டின் மூட்டான யு-ஜாயிண்டைப் பாருங்கள். 15-இல் நின்றால் வீல் பேலன்சிங்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் காதை அடைக்கும் முழக்கம்

முதல் சந்தேகம் சைலன்சர் பைப் பாடியைத் தொடுகிறதா என்பது. குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் இடைவெளி இருப்பதுபோலத் தெரியும், அதில் ஏமாறாதீர்கள். இரண்டு மீட்டர் எஃகு பைப் 250 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சியில் போய்த் தட்டிய இடம் பைப்பிலும் தகட்டிலும் பளபளவென்று தேய்ந்திருக்கும். சுற்றிலும் 15 மில்லிமீட்டராவது விட்டு, இறுகிப்போன ரப்பர் ஹேங்கர்களை மாற்றுங்கள். பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டிங்குகள். எண்ணெய் ஊறிய ரப்பர் நசுங்கி, இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் எஞ்சின் அதிர்வு முழுவதும் பாடிக்குள் இறங்கும்.

இவை சரியாக இருந்தும் முழக்கம் நின்றபாடில்லை என்றால்தான் தகட்டுக்கு வர வேண்டும். கார்ப்பெட்டை எடுத்துவிட்டு விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். "டங்ங்" என்று இழுக்கும் இடத்துக்கு மேட் வேண்டும். "தொப்" என்று அடங்கும் இடத்துக்கு வேண்டாம். வரிப்பள்ளம் அழுத்திய இடங்கள் தாமாகவே விறைப்பாக இருக்கும். சீட்டுக்குப் பின்னுள்ள தட்டையான தகடு, கால் வைக்கும் தரை, கதவின் வெளித்தகடு, கூரை ஆகியவைதான் பெரும்பாலும் பாடும்.

ஒட்டும் முறை: பழைய ஜமுக்காளப் பஞ்சு, காய்ந்த தார் ஷீட் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். தார் ஷீட்டை ஹீட் கன்னால் இளக்கலாம். உலர் பனிக்கட்டியை அதன்மேல் பரப்பினால் விறைத்துச் சில்லுசில்லாகப் பெயரும். உலர் பனிக்கட்டி கரியமில வாயுவாக மாறித் தாழ்வான இடத்தில் தேங்கும் என்பதால் கதவுகள் திறந்தே இருக்கட்டும், கையுறை கட்டாயம். துரு தெரிந்தால் உலோகம் வெளுக்கும்வரை தேய்த்து எபாக்சி பிரைமர் அடித்து, முழுதாகக் காயவிடுங்கள். அதன்பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைப்பது நிற்கக் கூடாது. தகடு 20 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். குளிர்ந்த தகட்டில் பியூட்டைல் பிடிக்காது.

2 மில்லிமீட்டர் மேட்டை உள்ளங்கை இரண்டு அளவுக்கு வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்கி, தகட்டின் நடுவில் வைத்து இரும்பு உருளையால் அழுத்துங்கள். அலுமினியத் தாளின் மேலுள்ள பொறிப்பு மறைந்து வழவழப்பாகும்வரை அழுத்த வேண்டும். மறையவில்லை என்றால் அடியில் காற்று இருக்கிறது, அந்த இடத்தில் மேட் வேலை செய்யவில்லை. தாளின் ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும், ஜாக்கிரதை.

தட்டையான தகட்டின் பரப்பில் 25 முதல் 30 சதவீதம் மூடினாலே பெரும்பகுதி பலன் கிடைத்துவிடும். 2 மில்லிமீட்டர் மேட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. 5 சதுர மீட்டரையும் முழுதாக மூடினால் 15 கிலோ. அளவாக ஒட்டினால் 4.5 கிலோ. எடை குறைவு என்பதற்காகவே இந்த மாதிரி வண்டிகளை விரும்புகிறோம், அதில் பத்து கிலோவைச் சும்மா ஏற்றுவானேன்?

மேட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மொட்டைமாடி ஒழுகலுக்குப் போடும் தார் டேப்பும் பார்க்க இதேபோல்தான் இருக்கும், விலையும் குறைவு. வெயிலில் வண்டி நின்றால் அது நாறும், இளகி வடியும், கூரைத் தகட்டிலிருந்து தொங்கும். அதைச் சுத்தம் செய்வது ஒட்டியதைவிட மூன்று மடங்கு வேலை.

அறிகுறி: மேட் ஒட்டியும் எஞ்சின், கியர் இரைச்சல் உள்ளேயே கேட்கிறது

இங்கேதான் ஓட்டைக் கணக்கு வருகிறது. ஒரு சுவரின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், மீதியை எதைக்கொண்டு மூடினாலும் அந்தச் சுவர் தடுக்கும் அளவு 20 டெசிபலைத் தாண்டாது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலின் பரப்பை ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 சதவீதம் என்பது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். கியர் லிவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறை ஒன்று கிழிந்தாலே போதும். தோல் உறைக்குக் கீழே இருக்கும் அந்த ரப்பர் உறையைப் பல வண்டிகளில் யாரோ எப்போதோ கழற்றி, திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள்.

இரவில் எஞ்சின் அறைக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் பிரகாசமான விளக்கை வைத்து, உள்ளே விளக்கில்லாமல் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தம் வரும் இடம். கியர் லிவர், ஸ்டியரிங் தண்டு, பெடல் பெட்டி, ஹீட்டர் பைப், சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், வயர் போகும் ரப்பர் வளையங்கள், தரையின் ரப்பர் மூடிகள், ஹேண்ட்பிரேக் பிளவு ஆகியவற்றை வரிசையாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வளையம், மூடி ஆகியவற்றைப் புதிதாகவே போடுங்கள். ஒழுங்கற்ற சந்துகளுக்கு இறுகாத பியூட்டைல் பசை. வினிகர் வாசம் வரும் சிலிக்கோன் வேண்டாம். அது காயும்போது வெளிவரும் அமிலம் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். நியூட்ரல் வகை இருந்தால் போடலாம். ஸ்பிரே செய்ததும் உப்பும் பாலியூரித்தேன் நுரையைக் காருக்குள் கொண்டே வராதீர்கள். தண்ணீரைப் பிடித்து வைக்கும், தீப்பிடிக்கும், பின்னால் வெல்டிங் வைக்க வருகிறவர் உங்களைத் திட்டுவார்.

ஓட்டை அடைத்த பிறகுதான் சத்தத் தடுப்பு. கனமான வினைல் ஷீட், சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையில் கிடைப்பது, அதன் அடியில் 6 மில்லிமீட்டர் மூடிய அறை கொண்ட (தண்ணீரை உறிஞ்சாத) ஃபோம். ஃபோம் வேண்டியது ஏன் என்றால், வினைல் தகட்டை நேராகத் தொட்டால் தகட்டோடு சேர்ந்து அதுவும் ஆடும். தொங்கும் திரை மாதிரி தகட்டிலிருந்து விலகி நின்றால்தான் தடுக்கும். இணைப்புகளை 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டு டேப் போடுங்கள். ஃபயர்வால், கியர்பாக்ஸை மூடும் மேடான தகடு, கால் வைக்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 2 சதுர மீட்டர் போதும், அதாவது 10 கிலோ. துணிக் கூரை வண்டியின் கதவுக்கு இதைப் போடுவது வீண். தலைக்கு மேலே ஒரு சுற்று துணி மட்டும் இருக்கும்போது பக்கத்தில் கோட்டைச் சுவர் எழுப்பி என்ன பயன்?

அறிகுறி: வேகம் ஏறினால் விசில்

கண்ணாடி ஓரம், கதவு இடுக்கு, முக்கோணக் கண்ணாடி, கூரையின் முன் விளிம்பு என ஒவ்வொன்றின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு முறைக்கு ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். எந்த டேப் ஒட்டியதும் விசில் நிற்கிறதோ அதுதான் இடம். பிறகு அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால், ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங் அழுந்தவில்லை.

புது பீடிங் போட்ட பிறகு விசில் தொடங்கியது என்றால், ரப்பர் தேவைக்கு மேல் தடிமனாகவோ விறைப்பாகவோ இருக்கிறது. கதவை ஓங்கி அறைந்தால்தான் பூட்டுகிறது, பூட்டியும் பின் ஓரம் வெளியே துருத்துகிறது என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. கீல், பூட்டுக் கொக்கி ஆகியவற்றைச் சரிசெய்து கதவை முதலில் நேராக்குங்கள், பீடிங் அதற்குப் பிறகு. பீடிங்கின் இரு முனையும் சேரும் இடம் கதவின் அடிப்பக்கம் வரட்டும்; மேலே வந்தால் மழைநீர் நேராக மடியில்.

அறிகுறி: கடகட, கிறீச்

ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திக்கொண்டு வர வேண்டும். தனியாக ஓட்டிக்கொண்டே தேடாதீர்கள். கதவுக்குள் பூட்டுக்குப் போகும் கம்பிகளுக்கு ஃபோம் உறை போடுங்கள். கண்ணாடி ஓடும் தடத்தின் ஃபெல்ட் தேய்ந்திருந்தால் கண்ணாடி பாதி இறங்கிய நிலையில் ஆடும், முழுக்க ஏற்றினால் அடங்கும். டேஷ்போர்டுக்குள் டிக் டிக் சத்தமும் ஸ்பீடோமீட்டர் முள்ளின் ஆட்டமும் சேர்ந்து வந்தால் அந்தக் கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது கூர்மையாக வளைந்திருக்கிறது. வளைவின் ஆரம் 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கிரீஸை லேசாகத் தடவுங்கள். மீட்டர் பக்க முனையில் கொஞ்சம் காலியாக விடுங்கள், இல்லையேல் கிரீஸ் ஏறி மீட்டரையே கெடுக்கும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் இடத்துக்கு ஃபெல்ட் டேப். சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் சத்தம் போகும், ஆனால் அது படிந்த இடத்தில் பிறகு பெயின்ட்டும் நிற்காது, பசையும் நிற்காது.

அறிகுறி: கார்ப்பெட் ஈரம்

எந்தத் திரவம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளை டிஷ்யூவை அழுத்தி எடுங்கள். வெறும் தண்ணீராக இருந்தால் மழை. பிசுபிசுப்பு, இனிப்பு வாசம், விண்ட்ஷீல்டில் துடைக்கத் துடைக்கப் படியும் எண்ணெய்ப் பசையான ஆவி என்றால் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது. ஓட்டுநர் பக்கம் மட்டும், வழுக்கும் திரவம், பெடல் பெட்டியில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது என்றால் பிரேக் அல்லது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர். அப்போது அலங்கார வேலையை நிறுத்துங்கள், அதைச் சரிசெய்யும்வரை வண்டி நகரக் கூடாது. சிந்திய திரவத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மழைதான் என்றால் கார்ப்பெட்டை முழுதாக எடுத்துவிட்டு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும்: கதவின் அடி, பிறகு நடு, கடைசியில் விண்ட்ஷீல்டு. ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. சந்தேகமான ஓரத்தில் உள்பக்கம் டால்கம் பவுடர் தூவி வையுங்கள். தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும்.

விண்ட்ஷீல்டுக்கு முன்னால் காற்று உள்ளே வரும் தொட்டிக்கு ஒரு வடிகால் உண்டு. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜி பி மாதிரி வண்டியில் அது ஒரு ரப்பர் குழாய். சருகு அடைத்தால் தொட்டி நிரம்பி ஹீட்டர் வழியாகக் காலடியில் இறங்கும். பீடிங் மேல் பழியைப் போட்டுப் புதிது வாங்கும் முன் அந்தக் குழாயில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

சவுண்ட்புரூஃப் செய்த பிறகுதான் ஈரம் வந்தது என்றால் மூன்று காரணம். ஒன்று, கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பகுதியிலும் உள்ள வடிகால் துளையை மேட் மூடிவிட்டது. இரண்டு, கதவின் உள்பலகையான டோர் பேடுக்குப் பின்னால் இருந்த பாலித்தீன் ஷீட்டைத் திரும்ப ஒட்டவில்லை. கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. அதை உள்ளே வரவிடாமல் துளைக்குத் திருப்புவதே அந்த ஷீட். அது இல்லாவிட்டால் டோர் பேடின் ஹார்ட்போர்டு ஊதி, கிளிப் பிடிக்கும் துளைகள் பிய்ந்துவிடும். மூன்று, திறந்த அறை ஃபோமையோ பஞ்சையோ தரையில் போட்டிருக்கிறார்கள். ஒரு துண்டை வெட்டி, தண்ணீரில் அமிழ்த்திப் பிழியுங்கள். தண்ணீர் வந்தால் அது தரைக்கு ஆகாது. தரைக் கார்ப்பெட்டை ஒருபோதும் பசை போட்டு ஒட்டாதீர்கள். பிரஸ் பட்டன் போதும், மழைக்குப் பிறகு தூக்கிப் பார்க்க முடிய வேண்டும். பசை கியர்பாக்ஸை மூடும் மேடான தகட்டுக்கும் கதவடிச் சில்லுக்கும் மட்டும்.

அறிகுறி: காலடியில் சூடு, அல்லது நாற்றம்

சூட்டைக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஃபோம் திணித்து நிறுத்தப் பார்ப்பது இரண்டாம் வழி. பைப் பக்கம், தகட்டுக்கு வெளியே, 10 மில்லிமீட்டர் காற்று இடைவெளி விட்டு ஓர் அலுமினியத் தடுப்பு வையுங்கள், அதுவே பெரும்பகுதியைத் திருப்பிவிடும். பியூட்டைல் மேட்டை எஞ்சின் பக்கமாக, மேனிஃபோல்டு அருகே ஒட்டக் கூடாது.

பெட்ரோல் நாற்றம் வந்தால் டேங்கின் காற்றுப் பைப்பு, நிரப்பும் குழாயின் ரப்பர் ஆகியவற்றை டிக்கிக்குள் பாருங்கள். அது தீரும்வரை உள்ளே ஹீட் கன்னும் வேண்டாம், பசையும் வேண்டாம். புகை நாற்றம் ஓடும்போது மட்டும், அதுவும் ஜன்னல் திறந்தால் கூடுகிறது என்றால், வண்டியின் பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தம் புகையை டிக்கி பீடிங் வழியாக உள்ளே இழுக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. புகை வாசம் வந்தாலே அதுவும் கூட வருகிறது என்று எடுத்துக்கொண்டு, சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள்.

அறிகுறி: கூரைத் துணி, ரெக்சின் பெயர்ந்து தொங்குகிறது

பசை வெயிலில் இளகிவிட்டது, அல்லது பழைய ஃபோம் தூளின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். ஃபோம் முதுகுள்ள துணி வயதானால் அந்த ஃபோம் பழுப்புத் தூளாக உதிரும். புதுப் பசை தூளைத்தான் பிடிக்கும், பலகையை அல்ல. விரலில் தூள் ஒட்டாத நிலை வரும்வரை நைலான் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். சாதாரண ஸ்பிரே பசை போதாது. அதிக வெப்பம் தாங்கும் பாலிகுளோரோபிரீன் காண்டாக்ட் பசையை இரு பக்கமும் பூசி, விரல் வைத்தால் ஒட்டாமல் லேசாக இழுக்கும் பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ரெக்சினுக்கு வாங்கும்போது டின்னில் வினைலுக்கு ஏற்றது என்று இருக்கிறதா பாருங்கள். வினைலிலிருந்து கசியும் மென்மையாக்கி மற்ற பசைகளைச் சில மாதங்களில் கூழாக்கிவிடும்.

கம்பி வைத்துத் தொங்கும் கூரைத் துணி என்றால், கழற்றும்போதே கம்பிகளுக்கு எண் போட்டு இடம், வலம் குறியுங்கள். ஒவ்வொன்றும் வேறு வளைவு. புதுத் துணியை வெயிலில் சூடாக்கி, முன்னும் பின்னும் நடுப்பகுதியை முதலில் இழுத்துக் கிளிப் போட்டு, பக்கங்களைக் கடைசியில் இழுக்க வேண்டும்.

அறிகுறி: சீட்டில் உட்கார்ந்தால் பள்ளம், புது உறையில் சுருக்கம், பெல்ட் போல்ட் பிடிக்கவில்லை

பள்ளத்துக்குக் காரணம் பெரும்பாலும் குஷன் அல்ல, அதன் கீழே கொக்கிகளில் மாட்டியிருக்கும் ரப்பர் பட்டையோ ரப்பர் விரிப்போ இற்றுப்போனது. அதை மாற்றாமல் மேலே ஃபோம் ஏற்றினால் ஒரு மாதத்தில் திரும்பப் பள்ளம். உறையில் சுருக்கம் இருந்தால் ஃபோம் ஓரங்கள் குறைவு. தேய்ந்த ஓரத்தில் 10 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டி நிரப்புங்கள். ஃபோமின் மேல் மெல்லிய பாலித்தீன் பையைப் போர்த்தி உறையை மாட்டினால் வழுக்கிக்கொண்டு இறங்கும், பிறகு பையை உருவிவிடலாம். மீதிச் சுருக்கத்தை நீராவியால் எடுங்கள். தோலுக்கு நீராவியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், சுருங்கிவிடும்.

சீட் தண்டவாளத்துக்கும் பெல்ட் பிடிமானத்துக்கும் அடியில் ஃபோமோ மேட்டோ இருக்கவே கூடாது. மெத்தென்ற பொருள் நாளடைவில் அமுங்கும், போல்ட்டின் இறுக்கம் போய்விடும். அந்த இடங்களை வட்டமாக வெட்டி எடுத்து, உயரம் வேண்டுமானால் எஃகு வாஷர் வையுங்கள். பெல்ட் போல்ட் வழக்கமாக 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி, யுஎன்எஃப் (நுண்புரி) வகை. கார்ப்பெட் தடிமன் கூடியதால் அது நட்டுக்குள் குறைவாக ஏறினால் நீளமான போல்ட் வாங்குங்கள், அதுவும் பெல்ட்டுக்கென்றே விற்கும் தரத்தில். புரி குறைந்தது 11 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும்.

அறிகுறி: வேலை முடிந்தபின் வண்டி இழுக்கவில்லை, கியர் உறுமிக்கொண்டு விழுகிறது

எஞ்சினைத் தொடாதீர்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்க, இன்னொருவர் கார்புரேட்டரில் திராட்டில் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்கட்டும். புது ஃபோமும் கார்ப்பெட்டும் சேர்ந்து பெடலுக்கு அடியில் 15 மில்லிமீட்டர் ஏறியிருந்தால் பெடல் தரையில் முட்டி நின்றுவிடும், திராட்டில் முக்கால்தான் திறக்கும். கிளட்சும் அப்படியே, கடைசி ஒரு சென்டிமீட்டர் பயணம் கிடைக்காவிட்டால் கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் கியர் அலறும். பெடல் தொடும் இடத்தில் மட்டும் ஃபோமை வெட்டி எடுத்து, கார்ப்பெட்டை நேராகத் தகட்டில் படியவிடுங்கள். கார்ப்பெட் ஓரம் ஆக்சிலரேட்டருக்குக் கீழே மடிந்து மாட்டிக்கொள்ளாதபடி அங்கே இரண்டு பிரஸ் பட்டன் கூடுதலாகப் போட்டு, மிதித்து விட்டால் பெடல் தானாகத் திரும்பி வருகிறதா என்று பத்து முறை பார்த்துவிட்டு வண்டியை வெளியே எடுங்கள்.